பூ மார்க்கெட்டை வலைப்பின்னலாக வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த விவசாயி எந்தக் கமிஷன் கடைக்கு மல்லிகை போடுகிறார் என்று மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்டு எழுதி, அதைக் கணினியில் வரைந்து பார்ப்பது சமூக வலைப்பின்னல் ஆய்வைப் பழக நல்ல பயிற்சி. ஒவ்வொரு விவசாயியும் கடையும் ஒரு புள்ளி; பூ போடும் உறவு இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு, அதாவது இணைப்பு. 30 விவசாயிகள், 12 கடைகள் போதும். வலைப்பின்னல் வரையும் மென்பொருளான கெஃபி இலவசமாகக் கிடைக்கிறது. ஆர், பைத்தான் நிரல்மொழிகள் தெரிந்தவர்களுக்கு ஐகிராஃப், நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. பலர் சறுக்குவது மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, அட்டவணையில்.

பெயரையே அடையாளமாக வைப்பதுதான் முதல் தவறு. வலையங்குளம் பக்கம் ஒரே ஊரில் மூன்று கருப்பசாமி இருக்கலாம். மூவரும் ஒரே புள்ளியாகிவிட்டால், இல்லாத ஒரு பெரிய மனிதர் படத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுவார். நேர்மாறாக, 'மு. பாண்டி', 'பாண்டி மு.' என்று இருவிதமாக எழுதினால் ஒருவர் இருவராவார். தமிழில் கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. 'பொன்னுசாமி'யின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மென்பொருள் இரண்டு ஆட்களாக எண்ணும். அதனால் ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள்: விவசாயிகளுக்கு 101 முதல், கடைகளுக்கு 201 முதல். பெயர் தனி நெடுவரிசையில் இருக்கட்டும். எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

இணைப்புகளை மட்டும் கெஃபியில் ஏற்றினால், இந்த 12 கடைகளில் எதற்கும் பூ போடாத விவசாயி படத்திலிருந்தே காணாமல் போவார். புள்ளிகளின் கோப்பை முதலில் ஏற்றிவிட்டு, இணைப்புகளின் கோப்பை ஏற்றும்போது கெஃபியில் ஏற்கெனவே திறந்திருக்கும் பணியிடத்தில் (workspace) சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது புதுப் பணியிடத்துக்குப் போய்விடும். ஏற்றியவுடன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: 42 புள்ளிகள் வர வேண்டும்.

பூ விவசாயியிடமிருந்து கடைக்குப் போகிறது. அட்வான்ஸ் கடையிலிருந்து விவசாயிக்கு வருகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பாதீர்கள். உறவு வேறு, திசையும் வேறு.

மிக அதிகமாக நேர்வது இனிச் சொல்லப்போவதுதான். இந்த வலைப்பின்னலில் இரு வகைப் புள்ளிகள் உள்ளன. விவசாயிக்கும் விவசாயிக்கும் நேர் இணைப்பு கிடையாது. மென்பொருளுக்கு அது தெரியாது. அடர்த்தி என்பது சாத்தியமான இணைப்புகளில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பது. 60 இணைப்புகள் இருந்தால், 42 பேரும் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம் என்று வைத்து, திசையில்லாக் கணக்கில் 60-ஐ 861-ஆல் வகுத்து அடர்த்தி 0.07 என்று சொல்லும். உண்மையில் சாத்தியமானவை 30 × 12 = 360 இணைப்புகள்தான்; அடர்த்தி 0.17. 'தொடர்பு மிகக் குறைவு' என்று எழுதிவைத்த முடிவு இந்த ஒரு வகுத்தலிலேயே ஆட்டம் காணும்.

இதைத் தவிர்க்க, ஒரே கடைக்குப் பூ போடுபவர்களையெல்லாம் தங்களுக்குள் இணைத்து விவசாயிகளின் வலைப்பின்னலாக மாற்றுவார்கள். அங்கும் எச்சரிக்கை தேவை. ஒரு கடைக்கு 20 பேர் போட்டால், அந்த ஒரு கடையே 190 இணைப்புகளை உண்டாக்கிவிடும். அந்த 20 பேரில் பலர் முகம் பார்த்துக்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். இதைக் காட்டி 'நெருக்கமான குழு' என்று எழுதுவது தவறு.

கிலோ கணக்கை இணைப்பின் எடையாக (weight) கொடுத்தால் ஐகிராஃபில் இன்னொரு பொறி இருக்கிறது. புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழிகளை வைத்து இடையில் நிற்பவர் யார் என்று கணக்கிடும்போது, அது எடையைத் தூரமாக எடுத்துக்கொள்ளும். 50 கிலோ போடுபவர் கடைக்கு வெகு தொலைவில் இருப்பதாகவும், 2 கிலோ போடுபவர் பக்கத்தில் இருப்பதாகவும் கணக்காகும். எடையைத் தலைகீழாக்கி, அதாவது 1-ஐ எடையால் வகுத்துக் கொடுங்கள்.

படத்தின் அழகில் மயங்க வேண்டாம். புள்ளிகளைப் படத்தில் அடுக்கும் கெஃபியின் ஃபோர்ஸ்அட்லஸ்2 முறை ஒவ்வொரு முறையும் வேறு வடிவம் தரலாம்; மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்பதற்குப் பொருளில்லை. புள்ளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் மாடுலாரிட்டி கணக்கு காட்டும் குழுக்களும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம், பத்து முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

எல்லையும் காலமும் சேர்ந்து யோசிக்க வேண்டியவை. விலை பார்த்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கே பூவை அனுப்பும் விவசாயி, மாட்டுத்தாவணிக் கணக்கில் தனித்து நிற்பவராகத் தெரிவார். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும். அப்போது எடுத்த கணக்கைச் சித்திரையோடு ஒப்பிட்டால் உறவு அறுந்ததுபோலத் தோன்றும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 20 விவசாயிகளைப் பிடித்து வைத்திருக்கும் கடை எது என்று மார்க்கெட்டில் கூடை தூக்குபவரே சொல்லிவிடுவார். யார் யாரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்பது குடும்பத்தின் மானத்தோடு சம்பந்தப்பட்டது. வெளியே காட்டும் படத்தில் ஊர்ப் பெயரையும் கிலோவையும் எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கோப்பை எவருக்கும் அனுப்பாதீர்கள்.