வெளிநாட்டு முதலீட்டு வழக்கில் லஞ்சக் குற்றச்சாட்டு: கோப்பை எப்படித் தயார் செய்வது?

புதுச்சேரியில் பழைய வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்த பிறகும், பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதிவு செய்த அலுவலர்) பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார். அதே மனிதர் கடலூர் சிப்காட்டில் தொழிற்சாலை நடத்தி, அடுத்து ஆப்பிரிக்காவிலோ மத்திய ஆசியாவிலோ ஆலை தொடங்கும்போது, அங்குள்ள ‘ஆலோசகர்’ ஒருவருக்கு ஒற்றை வரி இன்வாய்ஸின் பேரில் பெருந்தொகையை அனுப்பிவிடுகிறார். பின்னாளில் அந்நாட்டு அரசு உரிமத்தை ரத்து செய்து, அவர் அந்த அரசுக்கு எதிராகச் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனால், அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடி எடுப்பது அந்த இன்வாய்ஸைத்தான். ஆகவே வழக்குத் தொடுக்கப்போவதாக அந்த அரசுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே கோப்பை நாமே எதிர்த்தரப்பின் கண்ணால் படித்துவிட வேண்டும்.

முதலில், இந்தியாவுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே முதலீட்டாளர்களுக்குப் பாதுகாப்புத் தரும் முதலீட்டு ஒப்பந்தம் இன்றும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்; இந்தியா தன் பழைய ஒப்பந்தங்கள் பலவற்றை முடித்துக்கொண்டுவிட்டது. நடப்பில் இருந்தால், முதலீடு என்பதன் வரையறையில் ‘உள்நாட்டுச் சட்டத்துக்கு இணங்க’ என்ற சொற்கள் உள்ளனவா என்று தேடுங்கள். அச்சொற்கள் இருக்குமானால், லஞ்சத்தால் உருவான முதலீட்டுக்கு ஒப்பந்தத்தின் பாதுகாப்பே கிடைக்காமல் போகலாம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தம், ஊழல் வழியாகச் செய்த முதலீட்டுக்காக வழக்கே தொடுக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

அதிக நேரம் செலவிட வேண்டியது ஆலோசகர் கோப்பில்தான். மெட்டல்-டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் உஸ்பெகிஸ்தான் மீது தொடுத்து, 2013இல் தீர்ப்பான வழக்கில், சுமார் 40 லட்சம் டாலர் ஆலோசகர்களுக்குப் போயிருந்தது. அவர்களில் ஒருவர் அப்போதைய பிரதமரின் சகோதரர். அரசே நிரூபிக்கட்டும் என்று தீர்ப்பாயம் கைகட்டி உட்காரவில்லை. இந்தத் தொகைக்கு அவர்கள் செய்த வேலை என்ன என்று தானே ஆவணங்களைக் கேட்டது. நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கூறித் தீர்ப்பாயம் வழக்கை முடித்துவிட்டது.

ஆகவே ஒவ்வொரு ஆலோசகருக்கும் அவரது தொழில் அனுபவம், ஒப்பந்தம், அவர் எழுதிய அறிக்கைகள், மின்னஞ்சல்கள், பணம் போன வங்கி விவரம் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒப்பந்தத் தேதிக்கு முன்பே பணம் போயிருந்தாலோ, தொடர்பில்லாத மூன்றாம் நாட்டுக் கணக்குக்குப் போயிருந்தாலோ, அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். ‘தேதியை மாற்றிப் புதிதாக ஒரு கடிதம் போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அவரை அந்தக் கோப்பின் பக்கமே விடாதீர்கள்.

பணம் எதற்காகப் போனது என்பதும் முக்கியம். வங்கதேச அமைச்சருக்குக் கார் கொடுத்ததைக் கனடிய நீதிமன்றத்தில் 2011இல் ஒப்புக்கொண்ட நைகோ என்ற எரிவாயு நிறுவனத்தின் வழக்கை, அந்தக் காரால் எரிவாயு ஒப்பந்தங்கள் கிடைத்ததாகக் காட்டப்படாததால், தீர்ப்பாயம் தள்ளிவிடவில்லை.

அதிகாரி லஞ்சம் கேட்டு நீங்கள் மறுத்திருந்தால், அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ருமேனியாவில் 25 லட்சம் டாலர் லஞ்சம் கேட்டார்கள் என்று இடிஎஃப் என்ற நிறுவனம் சொன்னதை, தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்று கூறி 2009இல் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அது காட்டிய ஒலிப்பதிவும் சான்றாக எடுக்கப்படவில்லை.

கென்யாவில் விமான நிலையக் கடைகள் நடத்திய வேர்ல்டு டூட்டி ஃப்ரீ நிறுவனத்தின் உரிமையாளர், அப்போதைய அதிபர் மோயிக்கு 20 லட்சம் டாலர் கொடுத்ததைத் தானே வாக்குமூலத்தில் சொன்னார். பணப்பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே சோளக்கதிர்கள் இருந்தனவாம். 2006இல் அவர் கோரிக்கை தள்ளுபடியானது. வாங்கியவர் மீது கென்யா வழக்குப் போடாததைத் தீர்ப்பாயமே சுட்டிக்காட்டியது. கொடுத்தவர் மட்டும் எல்லாவற்றையும் இழப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலை நம்பி வழக்கு நடத்த முடியாது.

தீர்ப்பு சாதகமாக வந்த மறுநாளே கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக 2007இல் 21 கோடி டாலருக்கு மேல் வென்ற சீமென்ஸ், அதன் லஞ்ச விவகாரம் அம்பலமான பின், 2009இல் அந்தத் தொகையைத் தானே விட்டுக்கொடுத்தது.