கொள்ளிடத்துல தூண்டில் போடுறவங்க பண்ற தப்பு

போன ஞாயித்துக்கிழமை, காவிரியிலேந்து கொள்ளிடம் பிரியுற முக்கொம்புக்குக் கீழ, கொள்ளிடம் நடுத்திட்டுல ரெண்டு பசங்க உக்காந்து கெண்டைக்குத் தூண்டில் போட்டுட்டு இருந்தாங்க. "தம்பி, மேல தண்ணி நெலவரம் பாத்தீங்களா"ன்னு கேட்டா "மேட்டூர்ல கம்மியாத்தாண்ணே விடுறாங்க"ன்றாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு, ஏன்னா பத்து வருஷம் முன்னாடி நானும் இதையேதான் சொன்னேன். முள்ளு கட்டுறது, புழு கோக்குறதெல்லாம் ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும், அதை விடுங்க.

மேட்டூர் கணக்கை மட்டும் நம்புறது

மேட்டூர் தண்ணி முக்கொம்பு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அந்த வழியிலயே கூடுதுறையில பவானி சேருது, அப்புறம் நொய்யல், கரூர் பக்கம் திருமுக்கூடலூர்ல அமராவதி. கொங்கு பக்கம் அடிச்சு ஊத்துச்சுன்னா மேட்டூர் மூடியே கெடந்தாலும் இங்க வெள்ளம் வரும். கொள்ளிடம் படுகை தாழ்வு, சும்மா விட்டா தண்ணி பூரா அதுலயே ஓடிரும்னுதான் 1830கள்ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணை கட்டி காவிரிக்குத் திருப்புனாரு, ஆனா வெள்ளம்னா காவிரி தாங்குறது போக மிச்சம் மொத்தமும் கொள்ளிடத்துக்குத்தான்.

பத்து வருஷம் முன்னாடி நான் திட்டுல உக்காந்திருந்த அன்னிக்குக் கெளுத்தி நல்லா கடிச்சுட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு, தண்ணி கலங்கி சருகும் நுரையுமா வந்துச்சு, நான் எடத்தை மாத்தலாமான்னுதான் யோசிச்சேன். திட்டு மேடு, கடைசியாத்தான் முங்கும். கரையோரப் பள்ளம்தான் மொதல்ல ரொம்பும், அதாவது நாம திரும்பிப் போற வழி. கரையில மாடு மேய்ச்ச அய்யா சத்தம் போட்டப்பதான் பாக்குறேன், கணுக்கால் அளவு ஓடை இடுப்புக்கு வந்துருச்சு. ரெண்டு ராடு, ரீல், போன் எல்லாம் போச்சு, நான் கரை ஏறுனதே பெருசு.

பாக்க வேண்டியது மாயனூர் கதவணையில எத்தனை கன அடி விடுறாங்கன்னு. அமராவதி சேந்ததுக்கு அப்புறம் வர்ற கணக்கு அது. ஏறிட்டு இருந்தா திட்டுக்குப் போகவே போகாதீங்க, கரையிலேந்தே போடுங்க.

மணல் அள்ளுன குழி

முழங்காலுக்கு மேல எறங்காதீங்க.

அணை ஷட்டர் பக்கம்

மீன் கூடுற எடம்தான். வேண்டாம்.

பழையாறு முகத்துவாரம்

ஆத்து மீன் நெனப்புல மைதா உருண்டை எடுத்துட்டுப் போகாதீங்க, கொள்ளிடம் கடல்ல சேர்ற, உப்புத்தண்ணி ஏறுற எடம், கொடுவாவுக்கு உயிர் எறால்தான்.