பேசும்படத் தொடக்கக்கால நடிகரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' தொடங்கி 1940களின் நடுப்பகுதி வரை தமிழ்த் திரையில் பாடி நடித்தவர்களுள் ஒருவரைப் பற்றி எழுத முன்வருபவர், செவிவழிச் செய்திகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தேதியோடு அச்சில் கிடைப்பவற்றைக் கொண்டு முதலில் ஓர் ஆண்டுவரிசையை அமைத்துக்கொள்ள வேண்டும். அக்காலப் படங்களுள் பலவற்றிற்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை என்பது பெரும் இழப்பு. 'காளிதாஸ்' படமே மிஞ்சவில்லை. படத்தைப் பார்த்து எழுத வழியில்லாத இடங்களில் நமக்குக் கைகொடுப்பது பாட்டுப் புத்தகம்.

கொட்டகை வாசலில் விற்கப்பட்ட அந்த மெல்லிய புத்தகத்தில், நடிகர் பட்டியல், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்கிற பாணியில் பாதியில் நிற்கும் கதைச்சுருக்கம், எந்தப் பாத்திரம் எந்தப் பாட்டைப் பாடுகிறது என்ற விவரம், பெரும்பாலும் ராகமும் தாளமும் இருக்கும். பட்டியலில் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது, முதலெழுத்துகள் எவ்வாறு அச்சாகியிருக்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டால், அவருடைய செல்வாக்கு படத்துக்குப் படம் வளர்ந்த விதம் புலப்படும். ஆண்டு அச்சிடப்படாத புத்தகமாயின் அக்கால நாளிதழ் விளம்பரத்தோடு ஒப்பிட்டே தேதியை உறுதிசெய்ய வேண்டும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இத்தேடலுக்கு உரிய இடங்கள்.

அடுத்து, நாடக வாழ்க்கைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவான அந்நாளில், கேமரா முன்னால் நின்றபடியே பாடக்கூடியவர்தாம் கதாநாயகராக முடிந்தது. அத்தகையவர்களைப் பாய்ஸ் கம்பெனிகளும் (சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழுக்கள்) ஸ்பெஷல் நாடக மேடைகளும்தான் (வெவ்வேறு நடிகர்களை ஒரு நாடகத்துக்கென ஒன்றுசேர்த்து நடத்தியவை) உருவாக்கித் தந்தன. 1910இல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், திருச்சியில் நாடகங்களை நடத்திவந்த எஃப்.ஜி. நடேச ஐயரின் ஆதரவில் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாகச் சிறு வயதிலேயே மேடையேறியவர். 1934இல் வெளிவந்த அவருடைய முதல் படமான 'பவளக்கொடி'யும் அவர் எஸ்.டி. சுப்புலட்சுமியுடன் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகமே. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் திரைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கினால், அவர் திடீரென்று தோன்றியவர் போலாகிவிடும். குரலைப் பற்றி எழுதும் முன் இசைத்தட்டுகளைக் கேட்பதும் இன்றியமையாதது.

புகழ்மொழிகளை எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. 1944 தீபாவளிக்கு வந்த, பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். அதை மூன்று ஆண்டு ஓடியதாக எழுதிவிடக் கூடாது, ஏனெனில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளுக்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. அதேபோல, பாகவதர் சிக்கிய, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கைப் பற்றி எழுதுபவர், வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும்: 1944 நவம்பரில் நடந்த கொலை, டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானது, 1945இல் ஆயுள் தண்டனை, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் தலையீட்டுக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த மறுவிசாரணை, 1947இல் விடுதலை. பாகவதர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டவர் என்பதைத் தெளிவாக எழுதுவது, மறைந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு தகுதியை அளக்க வேண்டாம். பாகவதர் நடித்தவை 14 படங்களே, அவற்றுள் 'சிவகாமி' 1959இல் அவர் காலமான பின்னரே வெளியாயிற்று. விடுதலைக்குப் பின் வந்த ஐந்து படங்களை ஒரே வரியில் கடந்துவிடும் வழக்கத்தையும் கைவிட்டு, 'ராஜமுக்தி' முதலாக ஒவ்வொன்றையும் உரிய ஆண்டோடு பதிவுசெய்ய வேண்டும்.

நடிகைகளைப் பற்றி எழுதுவோர் பாட்டுப் புத்தகத்தின் நடிகர் பட்டியலோடு நின்றுவிடாமல், கதை, இயக்கம், தயாரிப்பு ஆகிய பகுதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'காளிதாஸ்' கதாநாயகியான டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே இயக்கினார் என்ற செய்தி அந்தப் பகுதிகளில்தான் கிடைக்கும்.