துடைப்பம் விற்பவர்களின் பழைய படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன், பாரிஸ் தெருக்களில் கூவி விற்றவர்களைக் காட்டும் பழைய அச்சுப்படங்களுக்கு இன்று இணையத்தில் பஞ்சமில்லை. அவற்றை எடுத்துப் பதிவிடுகிறவர்கள், வகுப்பில் காட்டுகிறவர்கள், சரித்திரக் கதைக்கு ஓவியம் வரைகிறவர்கள் என்று பலரும் துடைப்பக்காரர் விஷயத்தில் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள். ஆளின் முகத்தையும் உடையையும் பார்க்கிறார்கள், கையில் இருக்கும் துடைப்பத்தைப் பார்ப்பதில்லை. பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

துடைப்பம் பிடித்திருக்கிறவரெல்லாம் விற்பவர் என்று எழுதிவிடுவது முதல் தவறு. வாஷிங்டனிலுள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பட்டறையிலிருந்து வந்த 17-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. கைகளில் துடைப்பத்தோடு நம்மைப் பார்க்கும் இளம்பெண் அதில் இருக்கிறாள். அவள் வீட்டு வேலைக்காரி, வியாபாரி அல்ல. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் படங்களில் சேற்றுத் தெருவைக் கூட்டி வழிவிட்டுச் சில்லறை வாங்கும் சிறுவர்கள் நிறைய வருவார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு துடைப்பம், அதுவும் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. புகைபோக்கி துடைப்பவரை அவருடைய கரிமூட்டை காட்டிக்கொடுக்கும். விற்பவரிடம் பல துடைப்பங்கள் இருக்க வேண்டும். எல்லாம் புதியதாக, நுனி சமமாக இருக்கும்.

இதைவிட எளிதில் ஏமாற்றுவது விறகுக்கட்டு. தோளில் குச்சிக்கட்டு சுமந்து போகும் உருவத்தைத் துடைப்பக்காரர் என்று போட்டுவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கட்டைப் பாருங்கள். விறகு நடுவிலோ இரு முனைக்கு அருகிலோ கட்டப்பட்டு, இருபுறமும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். துடைப்பத்தை ஒரு முனையில் மட்டும் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், மறுமுனை விரிந்து நிற்கும். காம்பே இல்லாத மெல்லிய மிலாறுக் கட்டு, அதாவது சிறுகுச்சிக் கட்டு, ஆசிரியர் கையிலோ தாய் கையிலோ இருந்தால், அது அடிக்கும் பிரம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வடிவம். இங்கிலாந்தில் தெருவில் விற்றது உருண்டைத் துடைப்பம். பிர்ச் மரத்தின் மெல்லிய மிலாறுகளையோ ஹீத் புதரின் குச்சிகளையோ ஒரு கட்டாகச் சேர்த்து, பிளந்த ஹேசல் அல்லது வில்லோ பட்டையால் ஒரு முனைக்கு அருகிலேயே இரண்டு இடத்தில் இறுக்குவார்கள். பிறகு காம்பின் ஒரு முனையைக் கூராக்கி, கட்டின் நடுவே அடித்து இறக்குவார்கள். காம்பு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு மரஆணி. நல்ல செதுக்கோவியத்தில் அந்த இரண்டு கட்டும் இரண்டு வளையங்களாகவே தெரியும். அசல் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1844-இல் இங்கிலாந்தில் தம் வீடான லேகாக் அபேயில் எடுத்த, திறந்த கதவில் துடைப்பம் சாய்ந்து நிற்கும் புகைப்படம் போதும். அதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் அச்சுப்படத்தில் எது துடைப்பம், எது வெறும் கோடு என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

இன்று நமக்குப் பழகிய, வரிவரியாகத் தையல் போட்ட தட்டைத் துடைப்பம் பின்னால் வந்தது. அமெரிக்காவின் ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் 1798 வாக்கில் உருவாக்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆகவே 17-ஆம் நூற்றாண்டு லண்டன் காட்சி வரைகிற ஓவியர் தட்டைத் துடைப்பம் போட்டால் காலம் பிறழ்ந்துவிடும். ஆனால் அது செய்யப்பட்ட சோளவகைச் செடியில் துடைப்பமே அதற்கு முன் கிடையாது என்று மறுகோடிக்குப் போகவும் கூடாது. அதே செடியின் கதிர்த்தண்டில் கட்டிய துடைப்பம் இத்தாலியில் அதற்கு முன்பே உண்டு. புதிதாக வந்தது தட்டையாக அழுத்தித் தைக்கும் முறைதான்.

பழைய செருப்பு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மார்செல்லஸ் லரூன் வரைந்து, பியர்ஸ் டெம்பெஸ்ட் 1687 முதல் வெளியிட்ட லண்டன் தெருக்கூவல் வரிசையில் துடைப்பக்காரர் படத்தின் தலைப்பே ‘துடைப்பத்துக்குப் பழைய செருப்பு’ என்ற பொருளில்தான் இருக்கிறது. இதைப் பார்த்துச் செருப்புத் தைப்பவர் என்று குறிப்பு எழுதுவது பெரிய பிழை. அது பண்டமாற்று. வீட்டில் கிடக்கும் பழைய செருப்பைக் கொடுத்தால் துடைப்பம் கிடைக்கும். லரூனின் கற்பனையும் இல்லை இது. 1584-இல் லண்டனில் அச்சான ஒரு நாடகத்திலேயே துடைப்பம் விற்கிறவள், பழைய பூட்ஸ் இருக்கிறதா, பழைய செருப்பு இருக்கிறதா என்று பாடிக்கொண்டு வருகிறாள். நூறு ஆண்டு நீடித்த தெரு வழக்கம் ஒன்று ஒரு தலைப்பில் பதிவாகியிருக்கிறது. காசுக்கு விற்றார் என்று மட்டும் எழுதினால் அந்தப் படத்தின் உயிரான செய்தி போய்விடும்.

லரூனின் வரிசைக்கு ‘உயிருள்ளவரைப் பார்த்து வரைந்தது’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். அதை நம்பலாமா? ஓரளவுக்கு நம்பலாம். அக்கால லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் தம் பிரதியில் சில உருவங்களுக்கு ஆட்களின் பெயரையே எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் ஒவ்வொருவரும் வெற்றுப் பின்னணியில், தெருவே இல்லாமல், பார்ப்பவருக்கு வாகாக நிற்கிறார்கள். பாரிஸில் புஷார்டோன் 1737 முதல் 1746 வரை வெளியிட்ட 60 படங்களும் இப்படித் தனித்தனி உருவங்கள்தான். தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த, தொழில்வாரியாகக் கணவனும் மனைவியும் கருவியோடு நிற்கும் படங்களிலும் இதே சாயல் உண்டு. இத்தகைய படம் பொருளையும் சுமக்கும் முறையையும் சொல்லும். அவர் எத்தனை வீடு ஏறினார், எவ்வளவு ஏழை என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது.

இடது, வலது விஷயத்தில் பலர் தெரியாமலே தவறுகிறார்கள். செப்புத்தகட்டில் வரைந்தது தாளில் இடம்வலமாக மாறித்தான் பதியும். ‘இடது தோளில் சுமப்பதே அக்கால வழக்கம்’ என்று அச்சுப்படத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. எழுத்து நேராகத்தானே இருக்கிறது என்று வாதிடுவதும் பயன்படாது. எழுத்தைத் தகட்டில் வேண்டுமென்றே இடம்வலம் மாற்றிச் செதுக்குவார்கள். மூல ஓவியம் கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். புஷார்டோனின் மூல ஓவியங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

தேதி போடும்போதும் கவனம் தேவை. தகடு தேயும்வரை பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள், அடியில் பழைய வாசகம் அப்படியே இருக்கும். லரூன் தகடுகள் 18-ஆம் நூற்றாண்டிலும் ஓடின. கையில் தாள் இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தாள் வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரிந்தால் பழைய வகைத் தாள். வரியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஐரோப்பாவில் 1750-களுக்குப் பிந்தையது, ஆகவே 1687 அச்சாக இருக்கவே முடியாது. வண்ணத்தையும் நம்ப வேண்டாம். பல பிரதிகளில் வண்ணம் பின்னால் கையால் பூசப்பட்டது. பச்சைத் துடைப்பம், அதாவது புதிதாக வெட்டியது, என்றுதான் அன்று கூவினார்கள். வண்ணம் பூசியவர் அதைக் காய்ந்த பழுப்பாக்கியிருப்பார்.

1820-களின் ‘துடைப்பம் வாங்குங்க’ பெண்களை இந்த வரிசையில் கலக்கவே கூடாது. லண்டனில் அவர்களைப் பவேரியாக்காரிகள் என்றார்கள், ஆனால் பலர் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் விற்றது மிலாறுக் கட்டே அல்ல. ஒரே மரக்குச்சியைச் சீவி, சீவலை உதிரவிடாமல் கீழே மடித்துக் கட்டிய சிறு துடைப்பம். தூசி தட்டவும் ஈ ஓட்டவும்தான் அது உதவும். 1826-இல் நடிகை மேடம் வெஸ்ட்ரிஸ் இதே வேடத்தில் மேடையில் பாடியதும் அந்த உடை பெரும் மோஸ்தர் ஆயிற்று. அதற்குப் பிந்தைய பல படங்களும் ஸ்டாஃபோர்ட்ஷையர் பீங்கான் பொம்மைகளும் நடிகையைக் காட்டுபவை. பெண்ணுடை போட்ட ஆண் பக்கத்தில் நின்றால், அது அவரோடு பாடிய நகைச்சுவை நடிகர் ஜான் லிஸ்டன்.

அதே ஆண்டுகளின் கேலிச்சித்திரங்களில் துடைப்பத்தோடு ஒரு கனவான் வருவார். நீண்ட மூக்கு, கட்டம்போட்ட கால்சட்டை. அவர் ஹென்றி புரூம், வழக்கறிஞர், 1830-இல் லார்ட் சான்சலர் என்ற உயர் நீதிப் பதவிக்கு வந்தவர். அவர் பெயரும் ஆங்கிலத்தில் துடைப்பத்தின் பெயரும் உச்சரிப்பில் ஒன்று. தெருவியாபாரப் படத்தொகுப்பில் அவருக்கு இடமில்லை.