டியூக் எலிங்டனைத் திரையில் பார்க்க ஒரு கையேடு

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான டியூக் எலிங்டனின் இசைக்குழு முதன்முதலாகத் திரைக்கு வந்தது 1929-இல். அதன் பிறகு குறும்படம், ஹாலிவுட் படம், காசு போட்டால் ஓடும் பெட்டி, தொலைக்காட்சி என்று 1970கள் வரை அது வராத இடமில்லை. இணையத்தில் பெயரைத் தட்டினால் துண்டு துண்டாக வந்து விழும். ஒன்றில் ஆண்டு தப்பாக இருக்கும், ஒன்றில் சுருதி ஏறியிருக்கும், இன்னொன்றில் குழு முழுக்க இடதுகைக்காரர்களாக மாறியிருக்கும். கண்டபடி பார்த்தால், கோட்டு சூட்டுப் போட்ட பதினைந்து பேர் வாசிக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எந்தத் துண்டை எடுத்தாலும் முதலில் மூன்று சோதனைகள். வரிசை பிறகு.

இடவலம்

1941 கடைசியில் எலிங்டன் குழு ஹாலிவுட்டில் ஐந்து 'சவுண்டீ'களில் நடித்தது. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் போல வரும் பாட்டுப் படம். மதுக்கடை போன்ற இடங்களில் நின்ற 'பேனோரம்' பெட்டியில் 10 சென்ட் போட்டால் ஒன்று ஓடும். ஒரு ரீலில் எட்டுப் படங்கள். அடுத்து எது வருகிறதோ அதைத்தான் பார்க்கவேண்டும், தேர்ந்தெடுக்க வழியில்லை. பெட்டிக்குள் இருந்த 16 மி.மீ. புரொஜெக்டர் கண்ணாடிகள் வழியாகத் திரையின் பின்பக்கத்திலிருந்து படத்தைக் காட்டும். அதற்கு ஏற்ப பிரிண்டையே இடவலம் மாற்றிப் போட்டார்கள். அந்தப் பிரிண்டை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். டிரம்பெட்டில் வால்வை அழுத்துவது வலது கை. டிராம்போனில் குழாயை நீட்டி இழுப்பதும் வலது கை. ஸாக்ஸபோனில் மேலே இடது கை, கீழே வலது. கோட்டின் மார்புப் பை போட்டிருப்பவரின் இடது பக்கம். 'ஜாம் செஷன்' என்ற சவுண்டீயில் குழுவின் ரே நான்ஸ் வயலின் எடுக்கும்போது வில் எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இடது கையில் இருந்தால் பிரதி மாறிக் கிடக்கிறது. ஒரே ஓர் அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டாவது ஒத்துப்போனால்தான் உறுதி. கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் 'வீடியோ எஃபெக்ட்ஸ்', 'ஜியாமெட்ரி', 'டிரான்ஸ்ஃபார்ம்' என்று போய் 'ஃபிளிப் ஹாரிசான்டலி' கொடுத்தால் நேராகிவிடும்.

சுருதி

படம் எடுத்தது நொடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்). ஐரோப்பியத் தொலைக்காட்சியிலிருந்தோ அங்கு விற்ற டிவிடியிலிருந்தோ எடுத்த பிரதி பெரும்பாலும் 25-இல் ஓடும். வேகம் 4 சதவீதம் கூடும், சுருதி சுமார் 70 சென்ட் ஏறும். இந்த சென்ட் காசல்ல, சுருதியின் அளவு. ஓர் அரைச்சுருதி என்பது 100 சென்ட், ஆகவே இது காதுக்கு நன்றாகவே தெரியும்.

சோதிக்க அதே 'ஜாம் செஷன்' வசதி. வாசிப்பது 'சி ஜாம் ப்ளூஸ்'. மெட்டில் வருவதே இரண்டு ஸ்வரங்கள்தான், ஜி-யும் சி-யும். நம் கணக்கில் ஒரு கட்டைக்குப் பஞ்சமமும் ஷட்ஜமும். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு படத்தை ஓடவிடுங்கள். ஒட்டினால் சரி. ஒன்றரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே போய் நின்றால் அது 25 சட்டகப் பிரதி. ஒரு கட்டையிலிருந்து நாலைந்து சென்ட் மட்டும் விலகியிருந்தால் விட்டுவிடலாம், அந்தக் காலத்துப் பதிவில் அது சகஜம்.

திருத்த வேகத்தை 0.96 ஆக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூடியூபிலும், இயல்பான அமைப்பில் விஎல்சியிலும் வேகத்தைக் குறைத்தாலும் மென்பொருள் சுருதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டு மெதுவாகும், ஆனால் சுருதி இறங்காது. விஎல்சியின் ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' டிக்கை எடுத்துவிட்டு, அதன் பிறகு வேகத்தைக் குறையுங்கள்.

வாசிப்பா, பாவனையா

நம் சினிமாப் பாட்டு எடுக்கும் முறைதான். முதலில் ஒலிப்பதிவு, பிறகு தளத்தில் அதை ஓடவிட்டு வாயசைப்பு. ஹாலிவுட்டில் பிக் பேண்ட் எனும் பெரிய ஜாஸ் குழுக்களின் காட்சிகளைப் பெரும்பாலும் இப்படித்தான் எடுத்தார்கள், சவுண்டீகளும் அப்படியே. ஊதுபவர்களின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. டிரம்ஸ்காரரின் குச்சியைப் பாருங்கள். விஎல்சியில் 'ஈ' விசையை அழுத்தினால் சட்டகம் சட்டகமாக நகரும். குச்சி சிம்பலைத் தொடும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தை இயல்பு வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

விலகல் படம் முழுக்க ஒரே அளவில் இருந்தால் அது பிரதியின் கோளாறு. 'ஜே', 'கே' விசைகளால் ஒலியை 50 மில்லிநொடியாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஓரிடத்தில் ஒட்டி, இன்னோரிடத்தில் விலகினால் பாவனை. டிராம்போன் குழாயின் நகர்வும் நல்ல சாட்சிதான், ஆனால் குழுவின் ஹுவான் டிஸோலிடம் அந்தச் சோதனை பலிக்காது. அவர் வாசித்தது வால்வு டிராம்போன், நீட்ட அதில் குழாய் கிடையாது.

முகத்தை வைத்து ஆண்டு

ஏற்றியவர் போட்ட ஆண்டைவிட டிரம்ஸ் மேடையை நம்பலாம். சன்னி கிரீர் உட்கார்ந்திருந்தால் 1951-க்குப் பிந்தியதல்ல. இரண்டு பாஸ் டிரம் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் இருந்தால் அவர் லூயி பெல்சன், காலம் பெரும்பாலும் 1951 முதல் 1953 வரை. தொலைக்காட்சி நிலையங்கள் இடைவெளியை நிரப்ப வாங்கிய 'ஸ்னேடர்' மூன்று நிமிடப் படங்கள் 1952-இல் எடுத்தவை, அவற்றில் இவர்தான். சாம் வுட்யார்ட் என்றால் 1955-க்குப் பிறகு. ஆல்டோ ஸாக்ஸபோனில் ஜானி ஹாட்ஜஸ் இல்லையென்றால் அவர் குழுவை விட்டுப் போயிருந்த 1951–55 இடைவெளியாக இருக்கலாம். பாரிடோன் ஸாக்ஸபோன் ஹாரி கார்னியை வைத்து எதையும் சொல்ல முடியாது. மனிதர் 1927 முதல் கடைசிவரை அதே நாற்காலியில் இருந்தார்.

இனி வரிசை

1929-இன் 'பிளாக் அண்ட் டான்' குறும்படத்தில் தொடங்குங்கள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எலிங்டனும் டிரம்பெட் கலைஞர் ஆர்தர் வெட்சலும் ஒத்திகை பார்க்கும் அறைக்குள் பியானோவைத் தூக்கிப்போக இருவர் வருகிறார்கள், ஒரு புட்டி ஜின் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த இருவரை வைத்துச் செய்திருக்கும் நகைச்சுவை இன்று உறுத்தும். எலிங்டனோ அதே அறையில் இசையமைப்பாளராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த மரியாதை அடுத்த படத்தில் கிடைக்கவில்லை.

அடுத்தது 1930-இன் 'செக் அண்ட் டபுள் செக்'. நாயகர்கள் முகத்தில் கரி பூசிய இரண்டு வெள்ளை நடிகர்கள். குழுவில் வெளுத்த நிறத்தவர்களான டிஸோலுக்கும் பார்னி பிகார்டுக்கும் கறுப்பு மேக்கப் போட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசிப்பதாகப் பார்வையாளர் நினைத்துவிடக் கூடாதாம். முழுப்படத்தையும் பார்க்கத் தேவையில்லை, விருந்துக் காட்சி போதும். 'திரீ லிட்டில் வேர்ட்ஸ்' பாட்டில் குழுவினர் வாயசைக்க, கேட்கும் குரல் பாடகர் பிங் கிராஸ்பி இருந்த 'ரிதம் பாய்ஸ்' மூவருடையது.

1934-இல் 'மர்டர் அட் த வானிட்டீஸ்' படத்தில் குழுவைப் பார்த்துப் பொறுக்காத ஒரு செவ்வியல் நடத்துநர் இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதாக ஒரு காட்சி வரும். அதே ஆண்டு நடிகை மே வெஸ்ட்டின் படம் ஒன்று. இரண்டையும் துண்டாகப் பார்த்தால் போதும். 1935-இன் 'சிம்பொனி இன் பிளாக்' பத்து நிமிடம்கூட நீளாது, அதை மட்டும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பாடகி பில்லி ஹாலிடேக்காக, இரண்டாம் முறை எலிங்டன் தாளில் ஸ்வரம் எழுதும் காட்சிகளுக்காக. பிறகு 1941 சவுண்டீகள், 1943-இன் 'கேபின் இன் த ஸ்கை' நடனக்கூடக் காட்சி, ஸ்னேடர் படங்கள்.

1957 மே 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ்ஸில் வந்த 'எ டிரம் இஸ் எ வுமன்' ஒரு மணி நேர நிகழ்ச்சி. அக்காலத்து நேரலைகளைக் காப்பாற்றியது கினெஸ்கோப், அதாவது தொலைக்காட்சித் திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்து எடுத்த பிரதி. மங்கலும், வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டமும் அதன் இயல்பு. 'ஏஐ-யில் மெருகேற்றியது' என்று வரும் பிரதிகளில் விரல்கள் உருகி ஒட்டிக்கொள்ளும், கையையும் குச்சியையும் பார்த்துச் செய்யும் சோதனைகளை அதில் நம்ப முடியாது.

1959-இன் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' 160 நிமிடம். ஒரு தாளில் இசை நுழையும் நிமிடத்தையும் வெளியேறும் நிமிடத்தையும் குறித்துக்கொண்டே பாருங்கள். நீதிமன்றக் காட்சிகள் வரும்போது தாள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், வாதமே தாளமாக ஓடும். பை ஐ என்ற சிறு வேடத்தில் எலிங்டன் பியானோவில் இருக்க, வக்கீலாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். இந்த இசைக்கு மூன்று கிராமி கிடைத்தது. பெயர்ப்பட்டியலில் எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்டிரேஹார்ன் இல்லை, ஆனால் எழுதியதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. எலிங்டன் என்று எழுதியிருக்கும் இடத்தில் இருவரையும் சேர்த்தே படியுங்கள்.

கடைசியில் 1961-இன் 'பாரிஸ் ப்ளூஸ்', எலிங்டனுக்கு ஆஸ்கார் பரிந்துரை வாங்கித் தந்த படம். இதில் அவர் திரையில் இல்லை. பால் நியூமன் டிராம்போன், சிட்னி பாய்ட்டியே டெனர் ஸாக்ஸபோன். ஊதியது முறையே மர்ரி மெக்கெக்கர்ன், எலிங்டன் குழுவின் பால் கோன்சால்வெஸ். குழாய்ச் சோதனையை நியூமனிடம் செய்து பாருங்கள், பயிற்சி எடுத்தது தெரியும். பாய்ட்டியே ஊதும் இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, 1956 நியூபோர்ட் விழாப் பதிவில் கோன்சால்வெஸ் 27 சுற்று தொடர்ந்து ஊதியதைப் போடுங்கள். அதே ஊதல்தான்.