மெல்பர்ன் மேற்கில் குடியேறுவோர் ஃபுட்ஸ்க்ரே கிளப்பின் கதையை அறிந்துகொண்டு வருவது நல்லது

டார்னீட், ட்ருகனினா, சன்ஷைன், ஃபுட்ஸ்க்ரே என மெல்பர்ன் நகரின் மேற்குப் பக்கம் குடியேற வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரி எண், வங்கிக் கணக்கு, ரயிலுக்கான மைக்கி அட்டை, தகுதியுள்ளவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆகியவற்றை எப்படிப் பெறுவது என்பது அரசுத் தளங்களில் தெளிவாகவே இருப்பதால் அவற்றை விளக்கப் போவதில்லை. எந்தத் தளத்திலும் இல்லாத ஒரு விஷயத்தால் எனக்கு ஒரு வாடகை வீடு கைநழுவிப் போனது. சொல்ல வந்தது அதைத்தான்: இந்த மேற்குப் பகுதியின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியான ஃபுட்ஸ்க்ரே கிளப்பின் கதை.

நம் ஊரில் தரகரும் அட்வான்ஸ் பணமும் இருந்தால் வீடு அமைந்துவிடும். இங்கே ஏஜென்ட் முதலில் கேட்பது, உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக்கூடிய ஓர் உள்ளூர்க்காரரின் தொலைபேசி எண்ணை. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த எனக்கு அப்படி இருந்தவர் நான் வேலை பார்த்த கிடங்கின் சூப்பர்வைசர் ஒருவர்தான். அவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்திருந்தார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், உணவு அறைச் சுவரில் மாட்டியிருந்த, 1954ஆம் ஆண்டு கோப்பை வென்ற ஃபுட்ஸ்க்ரே அணியின் கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, அதற்குப் பிறகு கோப்பையே வெல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்த கர்வத்தில், “62 ஆண்டுகளாக நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தை வேறொன்றோடு இணைத்துவிடுவதுதானே முறை?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல், பாதி தின்ற ‘பை’ (pie) பண்டத்தைக் காகித உறைக்குள் திரும்ப வைத்து, அதன் வாயை இரண்டு முறை மடித்து, எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வாரம் ஏஜென்ட் அழைத்தபோது அவர் எடுக்கவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. நான் மேலும் ஐந்து வாரங்கள் மூன்று பேரோடு ஒரே அறையில் படுத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே கிடங்கில் வேலை பார்த்த அக்கா ஒருவர்தான், “தம்பி, கதைக்கிறதுக்கு உமக்கு வேற விசயமே கிடைக்கேல்லையா?” என்று கேட்டுவிட்டு, நடந்ததை விளக்கினார். 1989ஆம் ஆண்டு அக்டோபரில், கடனில் தத்தளித்த ஃபுட்ஸ்க்ரே கிளப்பை ஃபிட்ஸ்ராய் கிளப்போடு இணைத்து ‘ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்’ என்ற புதிய அணியை உருவாக்குவதாக அறிவித்தார்கள். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் போராட்டத்தை முன்நின்று நடத்த, கிடைத்த சில வார அவகாசத்தில் மேற்குப் பகுதி மக்கள் வீடு வீடாகவும் கடை கடையாகவும் தகர டின்களைக் குலுக்கிப் பணம் சேர்த்துக் கிளப்பை மீட்டார்கள். அந்த டின்களில் ஒன்றைப் பிடித்திருந்தவர் எங்கள் சூப்பர்வைசரின் அம்மா. ‘இணைத்துவிடலாமே’ என்ற சொல்லை அவரிடம் போய்ச் சொன்ன என் புத்தியை என்னவென்பது!

இணைப்புக்கு அவர்கள் அஞ்சியதும் காரணமில்லாமல் அல்ல. அதே ஃபிட்ஸ்ராய் 1996 முடிவில் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1982இல், சவுத் மெல்பர்ன் அணி சிட்னிக்குப் பெயர்ந்துவிட்டது.

தொழிற்சாலைகளும் கல்குவாரிகளும் தோல் பதனிடும் கூடங்களும் நிறைந்த உழைப்பாளர் பகுதியின் கிளப் அது. வி.எஃப்.ஏ. என்ற பழைய சங்கத்தில் 9 முறை பட்டம் வென்று, 1924இல் பெரிய லீகின் சாம்பியனான எஸ்ஸென்டனையும் ஒரு நிதி திரட்டும் ஆட்டத்தில் தோற்கடித்த பிறகு, 1925இல் ஹாதார்ன், நார்த் மெல்பர்ன் ஆகியவற்றோடு சேர்ந்து வி.எஃப்.எல். என்ற அந்தப் பெரிய லீகுக்குள் வந்தது. அங்கே முதல் கோப்பைக்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேப்டனும் பயிற்சியாளருமாக ஒருவரே இருந்த காலம் அது; சார்லி சட்டனின் தலைமையில், ஜாக் காலின்ஸ் 7 கோல்கள் அடிக்க, மெல்பர்ன் அணியை 51 புள்ளிகளில் வென்றார்கள். சுவரில் நான் பார்த்த படம் அந்த அணியினுடையதுதான். 1996 முடிவில் பெயரை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாற்றிய பிறகும், பழைய ஆட்கள் இன்றும் ஃபுட்ஸ்க்ரே என்றே சொல்கிறார்கள்; அவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

நான் வந்த 2016ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் சென்னை அணியே இல்லாததால் எனக்குப் பார்க்க வேறு விளையாட்டும் இல்லை. ஏழாம் இடத்தில் லீக் சுற்றை முடித்த புல்டாக்ஸ், அக்டோபர் 1ஆம் தேதி இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே நின்றது, இடம்பெயர்ந்து போன அதே சிட்னி. அக்கா வீட்டுக் கூடத்தில், புட்டும் கறியும் தட்டில் ஆற ஆற, ஸ்கோரைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்: 13.11 என்றால் 13 கோல்களுக்கு ஆறாறு புள்ளிகள், கோலைச் சற்றே தவறவிட்ட அடிகளான 11 பிஹைண்டுகளுக்கு ஒவ்வொரு புள்ளி, ஆக 89. சிட்னி 67. முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தபோது, விளையாட்டின் விதிகளே சரியாகத் தெரியாத நானும் கண்களைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே, ‘எந்த அணி?’ என்று வேலையிடத்தில் கேட்டால், யோசித்து ஒன்றைச் சொல்லிவிட்டு அதிலேயே நில்லுங்கள்; அணி மாறுகிறவனை இங்கே மதிப்பதில்லை. சன்ஷைன் நார்த் முருகன் கோயிலுக்குப் போகும் ஒரு நாளில், வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷனில் இறங்கி விட்டன் ஓவல் மைதானம் வரை நடந்து, 1954 அணியில் ஆடிய டெட் விட்டனின் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆண்கள் அணியின் லீக் ஆட்டங்கள் 1997க்குப் பிறகு அங்கே நடப்பதில்லை.

அந்த இறுதியாட்டம் முடிந்து, செவ்வாய்க்கிழமைதான் சூப்பர்வைசர் வேலைக்கு வந்தார். குரல் அறவே போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை மட்டும் அசைத்தார். அடுத்த வீட்டுக்கு மீண்டும் அவர் எண்ணையே கொடுத்தேன். சாவியைத் தரும்போது அந்த ஏஜென்ட் பெண், “உங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார், 1954ஐப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்” என்றார்.