ஸ்டாட்3 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது என்று எழுதும் முன்

ஸ்டாட்3 என்ற புரதத்துக்குப் பாடநூல் சொல்லும் வேலை ஒன்றுதான்: அதன் 705-ஆம் அமினோ அமிலமான டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும் நியூக்ளியஸுக்குள் போய் மரபணுக்களை இயக்குவது. அது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது, அங்கே 727-ஆம் அமினோ அமிலமான செரின்தான் முக்கியம் என்று 2009-இல் ஆய்வுகள் வந்தன. அதிலிருந்து பலரும் தத்தம் புரதத்தை அங்கே தேடுகிறார்கள். ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு பட்டை தெரிந்தாலே 'உள்ளே இருக்கிறது' என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு.

செல் சாற்றை 600 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு விசையில்) சுழற்றி நியூக்ளியஸை நீக்கி, 10,000 ஜி-யில் படியவைத்தால் கிடைப்பது சுத்தமான மைட்டோகாண்ட்ரியா அல்ல. எண்டோபிளாச வலையின் துண்டுகளும் அதோடு ஒட்டி வரும். அடர்த்தியால் பிரிக்க உதவும் 30 சதவீத பெர்கால் கரைசலில் 95,000 ஜி-யில் அரை மணி நேரம் சுழற்றினால் இரண்டும் பிரியும். கால்நெக்சின் (எண்டோபிளாச வலையின் அடையாளம்), லாமின் (நியூக்ளியஸ்), டியூபுலின் (சைட்டோபிளாசம்) பட்டைகள் மறைந்தனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (சைட்டோபிளாச அடையாளமாக ஜிஏபிடிஹெச் என்ற நொதியை மட்டும் நம்பாதீர்கள், அதுவே நியூக்ளியஸுக்குள் போய்வரும் புரதம்.)

சுத்தமாகப் பிரித்தாலும் புரதம் வெளிச்சவ்வின் மேல் ஒட்டியிருக்கலாம். இங்கேதான் புரதங்களைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே-யால் செய்யும் சோதனை தேவை. நான்கு குழாய்கள்: நொதி இல்லாதது, நொதி மட்டும், நீர்த்த கரைசலில் ஊதவைத்து வெளிச்சவ்வைக் கிழித்தபின் நொதி, சவ்வுகளைக் கரைக்கும் ட்ரைட்டான் எக்ஸ்-100 ஒரு சதவீதத்துடன் நொதி. பனியில் 20 முதல் 30 நிமிடம். இரண்டாவது குழாயில் வெளிச்சவ்வுப் புரதமான டாம்20 அழிந்து, உள்ளே இருக்கும் ஹெச்எஸ்பி60 தப்பியிருக்க வேண்டும். ட்ரைட்டான் குழாயிலும் உங்கள் புரதம் அழியவில்லையா? அது உள்ளே ஒளிந்திருக்கவில்லை, நொதிக்கு மசியாதது, அவ்வளவுதான். நொதியை நிறுத்த, அதைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். அது நீரில் சிதைந்துவிடும். ஆல்கஹாலில் கரைத்து வைத்து, கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டும். புரோட்டினேஸ் கே எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருளிலும் வேலை செய்யும் என்பதால், சரியாக நிறுத்தாவிட்டால் அது கலந்த மாதிரி பஃபரிலேயே எல்லாம் செரித்துப்போகும்.

கன்ஃபோக்கல் நுண்ணோக்கிப் படத்தில் புரதத்தின் பச்சையும் மைட்டோகாண்ட்ரியாவின் சிவப்பும் சேர்ந்து மஞ்சளாவதும் சான்றாகாது. அதன் பிரிதிறன் சுமார் 200 நானோமீட்டர்; மைட்டோகாண்ட்ரியாவின் தடிமனோ அரை மைக்ரோமீட்டர் அளவு. உள்ளேயா மேலேயா என்று அது சொல்லாது. உங்கள் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செல்லிலும் ஆன்டிபாடி ஒளிர்ந்தால் படத்தையே தூக்கிப் போடலாம்.

அளவையும் கணக்கிடுங்கள். ஒரு ஸ்டாட்3-க்குச் சுமார் ஒரு லட்சம் சுவாசச் சங்கிலிக் கூட்டமைப்புகள் (ஆற்றல் உண்டாக்கும் புரதத் தொகுதிகள்) இருப்பதாக 2010-இல் ஒரு குழு அளந்து காட்டியது. அந்த விகிதத்தில், ஒவ்வொரு கூட்டமைப்பிலும் ஸ்டாட்3 ஒட்டிக்கொண்டு அதை இயக்குவதாகப் படம் வரைய முடியாது.